500 யூனிட்டைத் தாண்டாமல் இருப்பது எப்படி? வீட்டுக் கரண்ட் பில் பற்றி எங்கள் தெருவில் கேட்கும் கேள்விகள்

நான் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவள் இல்லை, ஒயரிங் படித்தவளும் இல்லை. மதுரை வில்லாபுரத்தில் மாடி வீடு, வீட்டில் ஐந்து பேர். போன வருடம் சித்திரைத் திருவிழா வந்த கணக்கில் 512 யூனிட் ஓடி 2,141 ரூபாய் பில் வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நான்கு நாள் தங்கியிருந்தார்கள், எல்லா அறையிலும் ஃபேன் ஓடியது. சரி, அதற்கு என்ன செய்ய முடியும் என்று விட்டிருப்பேன். ஆனால் அதே பில் 500 யூனிட்டில் நின்றிருந்தால் 1,805 ரூபாய்தான் என்று தெரிந்தபோது மனசு ஆறவில்லை. 12 யூனிட்டுக்கு 336 ரூபாய்! அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டர் ரீடிங்கை மாதக் காலண்டரின் கட்டத்தில் எழுதி வருகிறேன். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் கேட்ட கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் இவை.

அக்கா, பில்லை எப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்? யூனிட் கொஞ்சம்தான் கூடியது, பணம் எகிறிவிட்டதே?

சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. நம் ஊரில் கணக்கெடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 2024 ஜூலையில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன்; கட்டணம் மாறினால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 201 முதல் 400 வரை 4.70. 401 முதல் 500 வரை 6.30. ஆக 200 யூனிட்டுக்கு 235 ரூபாய், 300க்கு 705, 400க்கு 1,175, 500க்கு 1,805.

500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101ல் இருந்து 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். 401 முதல் 500 வரை அதே 6.30. 501ல் இருந்து 600 வரை 8.40, அடுத்த 200 யூனிட்டுக்கு 9.45, அதற்கும் மேலே 1,000 வரை 10.50, ஆயிரத்தைத் தாண்டினால் 11.55. 600 யூனிட் ஓடினால் பில் 2,880 ரூபாய். 300 யூனிட் வீட்டோடு ஒப்பிட்டால் கரண்ட் இரண்டு மடங்குதான், பணமோ நான்கு மடங்கு.

அப்படியானால் 501வது யூனிட் மட்டும்...?

243 ரூபாய். 500க்கு 1,805, 501க்கு 2,048. நானும் முதலில் நம்பாமல் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். அந்த ஒரு யூனிட்டின் விலை 8.40தான், மீதி 235 ரூபாய், 101 முதல் 200 வரை பறிபோன சலுகை.

மீட்டரில் எண்கள் மாறிமாறி வருகின்றன. எதைக் குறித்துக்கொள்வது?

எலக்ட்ரானிக் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ், அதிகபட்ச லோடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பக்கத்தில் ‘கே.டபிள்யூ.எச்’ என்று ஆங்கில எழுத்து தெரியும்போது வரும் எண்தான் நமக்கு வேண்டியது. அதுதான் யூனிட். ரீடிங் எடுக்க வருபவர் குறிப்பதும் அதைத்தான். சந்தேகம் இருந்தால் வெள்ளைக் கார்டிலோ போனுக்கு வந்த பில்லிலோ இருக்கும் கடைசி ரீடிங்கைப் பாருங்கள். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எந்த எண் ஓடுகிறதோ அதுவே.

தினமும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம், அலுத்துவிடும். நான் வாரத்துக்கு ஒரு முறை. ஆனால் கணக்கெடுத்த நாளைச் சரியாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும், அதிலிருந்துதான் எண்ண வேண்டும். முக்கியமான நாள் 30ஆம் நாள். அன்றைக்கு 270 யூனிட் ஓடியிருந்தால் நாளுக்கு 9 யூனிட். இதே வேகத்தில் போனால் 60ஆம் நாள் 540. இன்னும் 230 யூனிட்தான் கையில் இருக்கிறது, நாளுக்கு ஏழரையில் நிறுத்த வேண்டும். பாதி வழியில் தெரிந்தால் ஏ.சி.யை இரண்டு மணி நேரம் குறைத்தே சரிக்கட்டிவிடலாம். 58ஆம் நாள் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது, மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்தால்கூட.

ரீடிங் எடுப்பவர் நான்கைந்து நாள் தள்ளி வருவதும் உண்டு. அந்த நாட்களுக்கும் சேர்த்து இடம் விட்டு, 470, 480ல் நிற்பதுபோல் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

எது எவ்வளவு இழுக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், காசு செலவில்லாமல். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். மீட்டரின் முகப்பிலேயே ‘3200 இம்ப்’ என்பதுபோல் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். சில மீட்டரில் 1600 இருக்கும், வேறு எண்ணும் இருக்கலாம்.

3200 மீட்டருக்குக் கணக்கு இதுதான்: ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மினுக்குகிறதோ, அதைப் பத்தொன்பதால் பெருக்குங்கள். வருவது ஏறக்குறைய வாட். 1600 என்றால் முப்பத்தெட்டால் பெருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் மட்டும் ஓடியபோது நிமிடத்துக்கு 4. அதாவது 75 வாட். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு மினுக்கல்தான், பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது. தண்ணீர் சுட வைக்கும் ராடைப் போட்டதும் நிமிடத்துக்கு 80. எண்ண முடியாமல் என் மகன் போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டி எண்ணினான்.

செய்முறை எளிது. ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு எண்ண வேண்டும். ஒருவர் மீட்டர்ப் பெட்டி பக்கம், ஒருவர் சுவிட்ச் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். இதற்கென்று பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன மீட்டரும் கடையில் கிடைக்கிறது. ஃப்ரிட்ஜ் போல நின்று நின்று ஓடுபவற்றுக்கு அதுதான் சரி. ஆனால் ஃபேனை அதில் செருக முடியாதே.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். இன்னும் மினுக்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இழுக்கிறாரா?

உடனே சண்டைக்குப் போய்விடாதீர்கள். முதலில் உங்கள் இன்வெர்ட்டரைப் பாருங்கள். கரண்ட் இருக்கும்போதும் அது பேட்டரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் செட்டாப் பாக்ஸ், இணைய மோடம், மேலே பரணில் யாரோ செருகி மறந்த பழைய சார்ஜர். செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்தாலும், நாள் முழுக்கச் செருகியே இருந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். என் 12 யூனிட் அதற்குள் அடங்கிவிடும்!

அவையும் இல்லை என்றால் மெயின் சுவிட்சை அணையுங்கள். அப்போது மினுக்கல் நின்றால் கோளாறு உங்கள் வீட்டு ஒயரிங்கில். எம்.சி.பி.களை, அதாவது ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சின்ன சுவிட்சுகளை, எல்லாம் இறக்கிவிட்டு மெயினைப் போடுங்கள்; பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, எதைப் போட்டதும் மினுக்குகிறது என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படித் தேடியபோது, மாடிக் கைப்பிடிச் சுவரில் ஈரம் இறங்கிய பழைய லைட் பாயிண்ட் அகப்பட்டது. இதை எலக்ட்ரீசியனை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், கசிவு பணத்தை மட்டும் கொண்டுபோகிற சமாச்சாரம் இல்லை. கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் மாட்டியிருக்கும் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்துவிடும்.

மெயினை அணைத்த பிறகும் மினுக்கினால் மட்டுமே மீட்டர் மேலோ, மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் உள்ள ஒயர் மேலோ சந்தேகப்பட வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். மீட்டர் சீலில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கிரைண்டர், மிக்ஸியைக் குறைத்தால் மிச்சமாகுமா?

ஆகாது. 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாதம் முழுக்க மாவாட்டினாலும் இரண்டு யூனிட். சத்தம் போடுகிற சாமான்தான் கரண்ட் குடிக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் சத்தமில்லாமல் பதினைந்து மணி நேரம் சுற்றுகிற ஃபேன்தான் குடிக்கிறது.

அப்போ ஃபேனை மாற்றிவிடலாமா? கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் மூவாயிரம் ரூபாய் சொல்கிறார்களே.

எல்லா ஃபேனையும் மாற்றாதீர்கள். கடைக்காரர் நான்கு வாங்கினால் விலை குறைப்பேன் என்பார், அதில் விழ வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய ஃபேன் 75 வாட், புதியது முழு வேகத்தில் 30 வாட் பக்கம். ஹாலில் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் பழையது 67 யூனிட், புதியது 27. ஒரு ஃபேனில் 40 யூனிட் மிச்சம். உங்கள் வீடு 300, 400 யூனிட்டில் இருந்தால் இது 190 ரூபாய். போட்ட மூவாயிரம் திரும்ப இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். 550, 600 என்று ஓடும் வீடாக இருந்தால் 330 ரூபாய்க்கு மேல் மிச்சம், ஒன்றரை வருடத்தில் முதல் வந்துவிடும். அந்த 40 யூனிட் உங்களை 530ல் இருந்து 490க்கு இறக்கினால், அந்த ஒரு பில்லில் மட்டும் 550 ரூபாய்.

நாங்கள் ஹாலிலும் அத்தை படுக்கும் அறையிலும் மட்டும் மாற்றினோம். பூஜை அறை, சமையலறை ஃபேன் எல்லாம் பழையதுதான். நாளுக்கு ஒரு மணி நேரம் சுற்றுவதற்கு எதற்குப் புதுசு? 2023 ஜனவரியில் இருந்து சீலிங் ஃபேனிலும் ஸ்டார் லேபிள் கட்டாயம். வாங்கும்போது வாட் எவ்வளவு, காற்று எவ்வளவு தள்ளும் இரண்டையும் பாருங்கள். வாட் குறைவாக, காற்றும் குறைவாக இருந்தால் மதுரை மே மாதத்தில் அந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் கரண்ட் குறையுமா?

சுற்றித் திருப்பும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக இருந்தால் குறையும். கனமான, தொட்டால் சூடாக இருக்கும் அந்தக் காலத்துப் பெட்டி ரெகுலேட்டரில் ஃபேன் மிச்சம் பிடிக்கிற கரண்டில் பெரும் பகுதி ரெகுலேட்டரிலேயே சூடாகப் போய்விடும்.

ஏ.சி. போடாமல் இருக்க முடியவில்லை. எப்படி ஓட்டினால் பில் கட்டுக்குள் இருக்கும்?

சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுகிறது. இரவு பதினொரு மணிக்கும் சுவர் சுடுகிறது. ஏ.சி. போடுவது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

முதலில் லேபிளைப் படியுங்கள். ஏ.சி. ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் வருட யூனிட், 1,600 மணி நேரம் ஓட்டினால் வரும் கணக்கு. 800 என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட். ஆனால் அது வருடம் முழுவதற்குமான சராசரி. எங்கள் ஊர் மே மாத இரவில் முதல் ஒரு மணி நேரத்துக்கு அதைப் போல இரண்டு பங்கு இழுக்கிறது. மினுக்கலை எண்ணிப் பார்த்தே சொல்கிறேன். அறை குளிர்ந்த பிறகு இறங்குகிறது. மணிக்கு முக்கால் யூனிட் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு 6 யூனிட், இரண்டு மாதத்தில் 360. மற்ற சாமான்களுக்கு 250 ஓடும் வீடு, ஏ.சி.யால் 610க்குப் போவது இப்படித்தான்.

டிகிரிதான் அடுத்தது. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தாலும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020ல் இருந்து விற்கும் ஏ.சி.கள் போட்டதும் 24ல் நிற்பதும் அவர்கள் போட்ட விதிதான். நாங்கள் 26ல் வைத்து, ஃபேனையும் மெதுவாக விடுகிறோம். 20ல் வைத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது என் கொழுந்தன் வீட்டு வழக்கம். அவர்கள் பில்லைப் பற்றி நான் பேசுவதில்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு அணையும்படி டைமர் வையுங்கள். அறையில் இருக்கும் குளிர் ஆறு மணி வரை தாங்கும். ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயடியில் காட்டிக் கழுவுங்கள். ரோட்டோர வீடுகளில் புழுதி தலையணைப் பஞ்சு போலச் சேர்ந்துவிடும். கதவுக்குக் கீழே இடைவெளி இருந்தால் பழைய சேலையைச் சுருட்டி வையுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், வேலை செய்யும்.

மொட்டை மாடி வெயில் அப்படியே கீழே இறங்குகிறது. அதற்கு என்ன செய்யலாம்?

ஏ.சி.க்குச் செலவழிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. நான்கு மாசி வீதிப் பக்கம் பழைய வீடுகளுக்குள் மத்தியானம் போய்ப் பாருங்கள். உயரமான கட்டை குத்திய மச்சு, மேலே தட்டோடு, நடுவில் முற்றம். ஃபேன் இல்லாமலே உட்காரலாம். நாம் கட்டியிருப்பது வெறும் கான்கிரீட் தளம், பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும்.

மலிவான வழி, மாசி கடைசியில் தளத்தைக் கழுவிவிட்டு சுண்ணாம்பு இரண்டு கோட் அடிப்பது. வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கையில் காசு இருந்தால் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிக்கலாம், அல்லது கூல் ரூஃப் பெயிண்ட் அடிக்கலாம். நாங்கள் சுண்ணாம்பு அடித்த வருடம் மாடி அறைச் சுவிட்சைப் போட மத்தியானம் கை வைத்தால் சுடவில்லை, எனக்கு அந்த அளவுகோல் போதும். மழையில் கரைந்துவிடும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது நல்லது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

ஃப்ரிட்ஜை இரவில் அணைத்து வைத்தால்?

மாவு புளித்துப் பொங்கும், அதுதான் மிச்சம். காலையில் மறுபடி குளிர வைக்க அது சேர்த்து ஓடும். அதற்குப் பதில் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரக் கூடாது. சுவரை விட்டு அரை அடி தள்ளி வையுங்கள், ஐஸ் விரலளவு கட்டவிடாதீர்கள். ஒரு கதவுப் புது ஃப்ரிட்ஜில் லேபிள் வருடத்துக்கு 180 யூனிட் என்றால், ஒரு பில்லுக்கு 30. பதினைந்து வருடப் பழசு இதைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கலாம், அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போர் மோட்டார் எவ்வளவு இழுக்கும்?

1 ஹெச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். இங்கே கவனிக்க வேண்டியது நேரம். தொட்டி நிறைய முன்பு 25 நிமிடம் ஆனது இப்போது 50 நிமிடம் ஆகிறது என்றால், கரண்டும் இரண்டு பங்கு. போரில் தண்ணீர் கீழே போயிருக்கலாம், மோட்டார் தேய்ந்திருக்கலாம், சம்ப்பில் இருந்து ஏற்றும் மோட்டார் என்றால் ஃபுட் வால்வு கசியலாம். யாருக்கும் இது கண்ணில் படாது, ஏனென்றால் மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடுகிறோம். தொட்டி நிரம்பி வழிவதும் அப்படித்தான். மிதவை சுவிட்ச் ஒன்று மாட்டிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான்.

குளிக்க வெந்நீர்?

15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற அரை யூனிட் ஆகும். ஐந்து பேருக்கு இரண்டரை யூனிட், இரண்டு மாதத்தில் 150. மதுரையில் மார்கழி, தை தவிர யாருக்கு வெந்நீர் வேண்டும்? பங்குனி தொடங்கிவிட்டால் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது. பச்சைத் தண்ணீருக்குத்தான் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

கேஸுக்குப் பதில் இண்டக்‌ஷன் அடுப்பு லாபமா?

வீட்டைப் பொறுத்தது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 120 யூனிட் ஆகும் என்பது என் கணக்கு. உங்கள் சிலிண்டர் விலையை 120ஆல் வகுங்கள். அடுத்த யூனிட் உங்களுக்கு 4.70க்குக் கிடைக்கிற நிலையா, 8.40க்கா, 9.45க்கா என்று பாருங்கள். 250 யூனிட் வீட்டுக்கு லாபம். 480ல் நிற்கிற வீட்டுக்கு, வாங்கிய அன்றே 501.

ஒரு டப்பாவைப் பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கிறார்களே?

உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும்தான் இருக்கும். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் கணக்கெடுக்கிறது, கெப்பாசிட்டரால் அது குறையாது. அந்தப் பச்சை விளக்குக்கும் நீங்கள்தான் கரண்ட் கொடுக்கிறீர்கள்.

நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். நியாயமா?

நியாயத்தைவிடக் கணக்கைச் சொல்கிறேன். மாடியில் 300, கீழே 300 ஓடும் இரண்டு குடித்தனமும் ஒரே ஈ.பி. மீட்டரில் இருந்தால் பில் 2,880. தனித்தனி மீட்டர் இருந்தால் ஆளுக்கு 705, மொத்தம் 1,410. ஓனர் கொள்ளை அடிக்கிறார் என்று வையும்போது, அவரும் சலுகை போன பில்லைத்தான் கட்டுகிறார் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆனால் அந்த 600 யூனிட்டைப் பத்து ரூபாய் வீதம் போட்டால் ஆறாயிரம் ஆகிறது, பில்லோ 2,880. அதனால் ஈ.பி. பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வருகிற விலையைக் கொடுக்கிறேன் என்று பேசுங்கள். மேலே உள்ள கணக்கில் அது 4.80தான்.

தனி வாசல், தனிச் சமையலறை உள்ள போர்ஷனாக இருந்தால் தனி இணைப்பு கேட்டு ஓனர் மனுச் செய்யலாம். வீடு பார்க்கப் போகும்போதே ‘தனி மீட்டரா’ என்று கேட்டுவிடுவது நல்லது. ஆயிரம் ரூபாய் வாடகை வித்தியாசம் இதில் அடங்கும்.

ஒரே குடும்பம் இலவச யூனிட்டுக்காக ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். அதற்கு அனுமதி இல்லை. சோதனையில் அகப்பட்டால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

வீட்டில் கைத்தறி இருக்கிறது. எங்களுக்கும் 100 யூனிட்தானா?

இல்லை, கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை இலவசம், விசைத்தறிக்கு 1,000. 2023ல் கூட்டியது. உங்கள் இணைப்பு அந்த வகையில் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் ஈ.பி. ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடியில் சோலார் போட்டால்?

இதை என்னிடம் கேட்காத ஆளே இல்லை. திருப்பிக் கேட்பேன்: உங்கள் பில் எத்தனை யூனிட்?

300 என்றால் அவசரப்படாதீர்கள். நீங்கள் கட்டுவதே 705 ரூபாய், அதில் எவ்வளவுதான் மிச்சம் பிடிக்க முடியும்?

800 ஓடும் வீட்டுக்குக் கதை வேறு. இப்போது அவர்கள் கட்டுவது 4,770 ரூபாய். 1 கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு நாளுக்கு 4 யூனிட் பக்கம் தரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 480. ஈ.பி.யில் இருந்து எடுப்பது 320 ஆகிவிட, பில் எண்ணூறு ரூபாய்ப் பக்கம் வந்துவிடும். ஒரு கணக்குக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்று அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். மானியம் பேனல் மாட்டி, நாம் எடுப்பதையும் திருப்பிக் கொடுப்பதையும் கணக்கெடுக்கும் நெட் மீட்டர் வைத்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். முன்பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கரண்ட் போனால் சாதாரண சோலாரும் சேர்ந்து நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வெயில் கொளுத்தும்போது ஃபேன் நின்றால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

இதெல்லாம் சரி, வீட்டில் சண்டை வராமல் எப்படிச் செய்வது?

எங்கள் வீட்டில் வந்தது. நான் பின்னாலேயே போய் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தேன். ‘காத்துக்குக்கூடக் கணக்கா’ என்று அத்தை இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம்தான் அணைப்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் காலண்டரில் எழுத ஆரம்பித்தேன். அத்தை அறைக்குப் புது ஃபேன் வந்த பிறகு அவர் இரவு பகலாக ஓடவிட்டாலும் நான் ஒன்றும் சொல்வதில்லை, அது இழுப்பதே அவ்வளவுதான். அந்த ஃபேனின் ரிமோட் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது, யாரும் தொட முடியாது.

இந்த ஞாயிறு காலண்டரில் எழுதியிருப்பது: 41ஆம் நாள், 318 யூனிட். இதே வேகத்தில் போனால் 465ல் முடியும். நான் எழுதி முடிப்பதற்குள் மகன் மீதி 35ஐ 19 நாளால் வகுத்துவிட்டு, ஏ.சி. இரவு இன்னும் இரண்டு மணி நேரம் ஓடலாம் என்று டைமரை மாற்றப் போய்விட்டான்.